தண்ணீரில் கண்டம்

மச்சாளின் தலையை எண்ணெய் இல்லாமல் நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துக்கு வந்து, அங்கே மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை செய்த காலத்திலும், நல்லெண்ணெய் வைத்துப் படிய வாரிக் கொண்டை போடாமல் அவர் வாசற்படி தாண்டியதில்லை. வீட்டு எசமானியான சிஞ்ஞோரா மணம் பிடிக்காமல் மூக்கைச் சுளித்துப் பார்த்தார், மச்சாள் அசையவில்லை. அப்படிப்பட்டவர், தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் குளியலறையிலிருந்து மயிரெல்லாம் காய்ந்து பறக்க வெளியே வந்தார். தலைக்கு இரண்டு தரம் சவர்க்காரம் போட்டிருந்தார்.

"என்ன மச்சாள், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"அந்தப் பெரியவர் தலையிலை ரெண்டு கையும் வைக்கப் போறார் பிள்ளை. அவற்ர கையிலை எண்ணெய் பிரளக் கூடாது" என்றார். பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் முகம் அது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் பயம் தொற்றியது. காரணம் இல்லாமலே பயம் பிடிக்கிற சாதி நான். மச்சாளோடு இருந்தபோது அதற்குக் காரணமும் கிடைத்தது.

அவர் ஏன் இத்தாலிக்கு வந்தார் என்பதை முதலில் சொல்லவேண்டும். கணவர் ஷெல் விழுந்து செத்துப்போனார். ஒரே மகனைக் கணவரின் தம்பியிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருந்த தைரியத்தில் வந்து சேர்ந்தார். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் அவருக்கு ஓய்வு. அந்த இரண்டு பொழுதும் எங்கள் வீட்டில்தான் இருப்பார். மற்ற நாட்களில் மொண்டெல்லோ வீட்டின் மேல்மாடியில் உடுப்பு விரித்தபடி கடலைப் பார்ப்பார். மகன் வளர்ந்துகொண்டிருந்தான். ஆம்பிளைப் பிள்ளை வளர்வது அப்போது எங்கள் ஊரில் சந்தோசமான விஷயமாக இருக்கவில்லை. மீசை அரும்பினால் இயக்கமோ ஆமியோ கொண்டுபோய்விடும் என்று தாய்மாருக்கு நித்திரை போய்விடும். அவனை எப்படியாவது தன்னிடம் எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர மச்சாளுக்கு வேறு நினைப்பில்லை.

மொண்டெல்லோ பஸ்ஸில்தான் அந்த இரண்டு அமெரிக்கப் பெடியன்கள் அவரைப் பிடித்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டி, நெஞ்சில் 'மூத்தவர்' என்று பொருள்படும் பட்டம். முகத்தில் பருக்கூட ஆறவில்லை. மோர்மன் சபையின் ஊழியர்கள். பலெர்மோவில் எங்கள் சனம் பாதிப்பேர் கத்தோலிக்கர், மீதிப்பேர் என்னைப்போலக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே பிள்ளையார் படம் வைத்திருப்பவர்கள். சைவக்காரரான நாங்கள்கூட ரொசாலியாப் புனிதையின் மலைக்கு நடந்து ஏறி நேர்த்தி வைப்போம். தெய்வங்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் மச்சாள் அந்தச் சபையில் சேர்ந்தபோது நான் இரண்டு மாதத்தில் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர்கள் தேத்தண்ணி குடிக்கக்கூடாது என்று ஒரு கட்டளை இருந்தது. காலையில் தேத்தண்ணி இல்லாவிட்டால் கண் திறக்காத மனுஷி, ஒருநாள் தேயிலைப் பேணியைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டுச் சுடுதண்ணீர் குடித்தார். அன்றைக்குத்தான் இது விளையாட்டில்லை என்று எனக்கு விளங்கியது.

அந்தச் சபையில் கோத்திரப் பிதாவின் ஆசீர்வாதம் என்று ஒன்று உண்டு. அதற்கென்று நியமிக்கப்பட்ட ஒருவர், விசுவாசியின் தலையில் கை வைத்து, தேவன் தன் மனதில் தருவதைச் சொல்வார். இஸ்ரவேலின் எந்தக் கோத்திரத்தில் சேர்க்கப்பட்டவர் என்று சொல்வார். வாழ்க்கைக்கான வாக்குறுதிகளையும் புத்திமதிகளையும் சொல்வார். ஒருவருக்கு ஆயுளில் ஒரு முறைதான். சொன்னதை ஒலிநாடாவில் பிடித்து, பிறகு தட்டச்சில் அடித்து அனுப்புவார்கள். அதை ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டக்கூடாது, ஒருவருடையதை இன்னொருவருடையதோடு ஒத்துப்பார்க்கக் கூடாது, நெருங்கிய குடும்பத்தாருக்கு மட்டும் காட்டலாம். சிசிலியில் அப்படி ஒருவர் இருக்கவில்லை. வடக்கிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மச்சாள் நிலைகொள்ளாமல் திரிந்தார். அந்த ஞாயிறு காலை பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை. "இதுக்கும் விரதமோ?" என்று கேட்டேன். "கந்தசட்டி பிடிச்சவளுக்கு இது ஒரு விரதமே?" என்றார்.

குடும்பத்தார் ஒருவர் கூட இருக்கலாம் என்றபடியால் நான்தான் போனேன். வாடகைக் கட்டடம் ஒன்றின் முதல்மாடி. சிலை இல்லை, சிலுவை இல்லை, மெழுகுதிரி இல்லை. எங்கே பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர் மச்சாளைக் கதிரையில் இருத்திப் பின்னால் நின்றார். மச்சாளின் முழுப்பெயரைத் தகப்பன் பெயரோடு சொல்ல அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மூன்று தரம் சொல்லிப் பார்த்துப் பழகிய பிறகுதான் ஒலிப்பதிவுப் பெட்டியின் பொத்தானை அமத்தினார். பிறகு அந்தக் காய்ந்த தலையில் இரண்டு கைகளையும் வைத்தார். கனமான கைகள் போலிருக்கிறது. மச்சாளின் கழுத்து சற்றுத் தாழ்ந்தது. மெதுவான இத்தாலிய மொழியில் பேசினார். மச்சாள் கண்ணை மூடியபடி அழுதார். எனக்குச் சிரிப்பு வரும் என்று பயந்து போயிருந்தேன். வரவில்லை. யாரோ ஒருவர் எங்களில் ஒருத்தியின் பெயரை இவ்வளவு கவனமாகச் சொல்லி, இவ்வளவு நேரம் அவளைப் பற்றியே பேசியதை அந்த நகரத்தில் நான் அதுவரை கேட்டதில்லை.

தட்டச்சுப் பிரதி வந்தபோது கோடை தொடங்கிவிட்டது. மச்சாளுக்கு இத்தாலி மொழி காதால் கேட்டுப் பழகியதுதான். எழுத்துக்கூட்டி வாசிக்க வராது. நான் பின்னேர வகுப்புக்குப் போய்ப் படித்திருந்தேன். சபைத் தலைவரிடம் கேட்டு, குடும்பத்தாள்தானே, வாசித்துச் சொல்லட்டும் என்று அவர் அனுமதித்த பிறகுதான் என் கையில் தந்தார். முதலில் கோத்திரம் வந்தது. எப்பிராயீம். மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரிலை எந்தப் பகுதி, ஆற்றை ஆக்கள் எண்டு கேட்டுக் கேட்டே கொல்லுவாங்கள். இனி ஆரும் கேட்டால் எப்பிராயீம் எண்டு சொல்லுவன். போய் விசாரிக்கட்டும்." பிறகு அந்த வரி வந்தது: உன் சந்ததி உன் மேசையைச் சுற்றி அமரும், நீ அதைக் கண்டு களிகூர்வாய். சிரிப்பு நின்றுவிட்டது. "திருப்பி வாசி" என்றார். திருப்பி வாசித்தேன். அன்று அந்த ஒரு வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய ஒரு பிழை நடந்தது. என் ஐயா ஊரில் சாத்திரியார். சாதகம் பார்ப்பவர். நான் அந்த வீட்டில் பிறந்ததால் எனக்கும் அந்தக் கலை கொஞ்சமாவது ஒட்டியிருக்கும் என்று மச்சாள் நம்பினார். சபையில் சேர்ந்ததும் சோதிடத்தைக் கைவிட்டவர்தான்; ஆனால் நாற்பது வருடப் பழக்கம் தேயிலைப் பேணியைப்போலத் தூக்கிக் கொடுத்துவிடக் கூடியதா? சாதகக் கொப்பியை எப்படிப் பார்ப்போமோ அப்படியே அந்தத் தாளையும் பார்த்தார். என்ன சொல்லியிருக்கிறது என்பதைவிட என்ன சொல்லவில்லை என்பதைத் தேடினார். "இதிலை எனக்கு மறுகலியாணம் பற்றி ஒண்டுமில்லை, நல்லது." "வருத்தம் துன்பம் எண்டு கொஞ்சம் கிடக்கு, அது சனியன்ர காலத்தைச் சொல்லுறார் போலை." ஒரு வியாழக்கிழமை, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பிள்ளை, வடிவாப் பார். தண்ணியிலை கண்டம் எண்டு ஏதும் கிடக்கோ?"

அவர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். மகனைக் கொழும்புக்குக் கூட்டிவந்து ஒரு லொட்ஜில் வைத்திருந்தான், காசுக்கு ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட். முதலில் விமானத்தில் வேறொரு நாடு, அங்கிருந்து கடல் வழியாக இத்தாலி. இன்னும் பல பெடியன்கள் சேர்ந்து போகிறார்கள். மாரி தொடங்க முன்னம் அனுப்பவேண்டும், ஓம் என்றால் ஓம் என்று சொல்லுங்கள் என்று வியாழன்தோறும் தொலைபேசியில் நெருக்கினான். ஓம் என்றால் கடல். இல்லை என்றால் கொழும்பில் சுற்றிவளைப்பு, அடையாள அட்டை, பொலிஸ் நிலையம். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் என்பார்களே, அது மச்சாள்தான். நான் தாள் முழுவதும் தேடினேன். கடல் என்றோ தண்ணீர் என்றோ ஒரு சொல்லும் இல்லை. இல்லை என்று சொன்னேன். "இல்லையெண்டால் கண்டம் இல்லை. மேசையிலை இருப்பான் எண்டும் போட்டிருக்கு" என்று எழும்பிப் போய் ஏஜென்டுக்கு ஓம் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில் மொண்டெல்லோக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. சனம் குடையை நட்டுவிட்டு வெயிலில் படுத்திருக்கும். சின்னப் பிள்ளைகள் காற்றடித்த வளையத்தோடு மிதக்கும். மச்சாள் மேல்மாடியிலிருந்து அதைப் பார்த்து, "இந்தக் கடல் ஒண்டும் செய்யாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாராம். சில வாரங்கள் அவர் நன்றாகச் சாப்பிட்டார், கன்னம்கூடக் கொஞ்சம் வைத்தது. எனக்குத்தான் ஒரு கவளம் இறங்கவில்லை. ஒரு கடதாசியைப் பார்த்துக் கடலை நம்பலாமா என்று கேட்க நா எழும். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

கோடை முடிகிற நேரம், பெடியன்களை ஏற்றும் நாள் நெருங்கியிருந்தது. ஒரு ஞாயிறு, சபையிலிருந்து நேரே வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றார். எங்கள் வீட்டில் யாரும் சப்பாத்தோடு குசினிக்குள் வருவதில்லை. அன்று பெண்களின் வகுப்பில் பாடமே இந்த ஆசீர்வாதத்தை எப்படிப் படித்து விளங்கிக்கொள்வது என்பதுதானாம். வாக்குறுதிகள் நாங்கள் நடக்கிற நடையைப் பொறுத்தவை என்று படிப்பித்த பெண் சொன்னாராம். அதற்கு மச்சாள் தலையாட்டியிருக்கிறார். பிறகு அந்தப் பெண் சொன்னாராம், காலம் தேவனுடையது, சில வாக்குறுதிகள் இந்த வாழ்வில் நிறைவேறாமல் மறுவாழ்வில் நிறைவேறும், ஆகவே மனம் தளரவேண்டாம் என்று. பக்கத்தில் இருந்த ஒரு விதவைப் பெண் அதைக் கேட்டு ஆறுதலில் கண்ணைத் துடைத்தாராம்.

"பிள்ளை, அந்த மேசை எங்கை இருக்கு?" என்று மச்சாள் என்னைக் கேட்டார். "இஞ்சையோ, அங்கையோ?"

கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். மற்றவர்களுக்கு மருந்தாக இருந்த சொல் அவருக்கு நஞ்சாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு நல்ல வாக்கும் அவரைப் பயமுறுத்தியது. களிகூர்வாய் என்றால் எங்கே? காண்பாய் என்றால் எந்தக் கண்ணால்? என் கணவர், "அக்கா, அந்தப் பேப்பரைத் தூக்கி அலுமாரிக்குள்ளை வையுங்கோ" என்று கத்தினார். "வைச்சால் அதிலை கிடக்கிறது மாறிடுமோ?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அடுத்து வந்த நாட்களில் சிஞ்ஞோரா வீட்டில் இரண்டு கோப்பை உடைந்தது, ஒரு சேட்டு இஸ்திரிப்பெட்டியில் கருகியது.

வியாழன் பின்னேரம் நான் அவரைக் கூட்டிக்கொண்டு ரயிலில் பகேரியாவுக்குப் போனேன். சபைத் தலைவர் அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தார். அந்தச் சபையில் சம்பளத்துக்குக் குருமார் இல்லை; வேலை வெட்டி பார்க்கிறவர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவர்கள். ஐம்பது தாண்டிய, வழுக்கை விழுந்த மனிதர். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எங்களை உள்ளே இருத்தினார். மச்சாள் தாளை நீட்டினார். அவர் கையில் வாங்கவில்லை. அது உங்களுடையது, நான் வாசிக்கிறதற்கில்லை என்றார். மச்சாள் தன் உடைந்த இத்தாலி மொழியில், பாதிக்கு நான் துணை நிற்க, கடலையும் படகையும் மேசையையும் சொல்லி முடித்தார்.

தலைவர் ஒரு கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: என்னுடைய ஆசீர்வாதத்தில் பிள்ளைகள் உண்டு என்று இருக்கிறது. எனக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. இனிப் பிறக்கப் போவதும் இல்லை. எப்போது, எங்கே என்று எனக்குத் தெரியாது. நான் மற்ற வரிகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

மச்சாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அனுப்பவோ வேண்டாமோ எண்டு ஒரு சொல் சொல்லச் சொல்லு" என்று என்னிடம் தமிழில் சீறினார். நான் சொன்னேன். அதை நானும் சொல்ல முடியாது, அந்தத் தாளும் சொல்லாது என்றார் தலைவர். "பிறகேன் தந்தவை?" என்று மச்சாள் கேட்டார். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. முகத்திலேயே அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். வாசல் வரை வந்து, அவர் மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டு, தேவன் உங்களுக்குத் தருவேன் என்று சொன்னதை மட்டும் பார்க்கிறீர்கள், உங்களிடம் என்ன கேட்டிருக்கிறார் என்று ஒரு தரம் பாருங்கள் என்றார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. பிள்ளையில்லாத மனிதரிடம் பிள்ளையைப் பற்றிச் சண்டை பிடித்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ரயிலில் சனம் இல்லை. மச்சாள் யன்னல் பக்கம் திரும்பி இருந்தார். யன்னலுக்கு வெளியே கடல் வந்து வந்து மறைந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். நான் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். அதுவரை நாங்கள் அப்படி வாசித்ததே இல்லை. பலன் எங்கே, பலன் எங்கே என்று தாவித் தாவித்தான் போயிருந்தோம். ஐயாவிடம் வருகிற சனமும் இப்படித்தான். வாயைக் கட்டு, அண்ணன் தம்பியோடு கோவத்தைத் தீர் என்று அவர் சொல்வது ஒன்றும் காதில் ஏறாது. வெளிநாட்டுப் பயணம் உண்டு என்றால் மட்டும் காது நிமிரும். "சாதகத்தைப் பாத்துக்கொண்டு ஆரும் கிணத்துக்குள்ளை குதிக்கிறதில்லை" என்று ஐயா எரிச்சலில் சொல்வார். மச்சாளின் தாளிலும் அப்படித்தான்: செபம் செய், கசப்பை மனதில் வைத்திராதே, அயலாருக்கு உதவு என்று வரி வரியாகப் புத்திமதிகள். அவற்றுக்கு நடுவில் ஒன்று: உனக்குக் கொடுக்கப்பட்டவர்களுக்காக நீ பேசுமுன், அவர்கள் பேசுவதைக் கேள்.

மச்சாள் கண்ணைத் திறந்தார். "அவனை ஆர் கேட்டது?" என்றார்.

யாரும் கேட்கவில்லை. ஏஜென்டோடு கதைத்தோம், அவனுடைய சித்தப்பாவோடு கதைத்தோம், பிள்ளையாரோடும் ரொசாலியாவோடும் மச்சாளின் தேவனோடும் கதைத்தோம். பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்டு முடிவெடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. தொலைபேசியில் அவன் வருவான், ஏஜென்ட் பக்கத்தில் நிற்பான், "சுகமா இருக்கிறியோ தம்பி?" "ஓம் அம்மா." அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு காலை, சபைக்குப் போகமுன், ஸ்டேஷனுக்கு அருகில் இருந்த தொலைபேசிக் கடைக்குப் போனோம். ஏஜென்ட் எங்கள் அழைப்பை எதிர்பார்ப்பது வியாழன். அவன் இல்லாத நேரம் வேண்டும் என்றுதான் ஞாயிறு. லொட்ஜ்காரர் எடுத்துப் பெடியனைக் கூப்பிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். ரிசீவர் எங்கள் இரண்டு காதுக்கும் நடுவில்.

"தம்பி, பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?"

"இல்லை அம்மா. ஏன்?"

"உனக்கு இப்பிடி வர விருப்பமோ?"

தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். மச்சாளின் நகம் என் கையில் பதிந்தது.

"பயமா இருக்கோ ராசா?"

"அம்மா, எனக்கு நீந்தத் தெரியாது" என்றான். பிறகு அழத் தொடங்கிவிட்டான். "சொன்னால் நீங்கள் கவலைப்படுவியள். ஒருத்தரும் கேக்கவும் இல்லை."

"நீ ஏறாதை" என்றார் மச்சாள். "ஆர் என்ன சொன்னாலும் ஏறாதை. சித்தப்பாவிட்டைப் போ." அவ்வளவு உறுதியாக அவர் பேசி நான் கேட்டதில்லை. ரிசீவரை வைத்ததும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் மச்சாளின் தாளைப் பற்றி அற்புதச் சாட்சி சொல்லலாம். வாழ்க்கை அப்படி ஒழுங்காகப் போகவில்லை. அந்தப் படகு வந்து சேர்ந்தது. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. அதில் வந்த பெடியன் ஒருவன் மொண்டெல்லோ உணவகத்தில் கோப்பை கழுவும் வேலைக்குச் சேர்ந்து, ஒருநாள் மச்சாளை ரோட்டில் கண்டு, "அன்ரி, அவனும் வந்திருக்கலாம்" என்றான். என் கணவர் அக்காவோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தப்பாவிடம் போய்ச்சேர வழி கிடைக்கமுன்னம், கொழும்பில் சுற்றிவளைப்பில் மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. மச்சாள் தாளைத் தொடவில்லை. சாப்பிடவும் இல்லை. "நான் கேட்டது பிழையோ பிள்ளை?" என்று ஒரு தரம் கேட்டார். நான் பிழையில்லை என்று சொன்னேன். மனதுக்குள் எனக்கும் தெரியவில்லை. ரொசாலியா மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன். சித்தப்பா ஒரு சட்டத்தரணியைப் பிடித்துப் பெடியனை வெளியே எடுத்தார். ஒரு காதில் அடி, மற்றப்படி உயிரோடு இருந்தான்.

அதற்குப் பிறகுதான் மச்சாள் சிஞ்ஞோராவின் முன்னால் போய் நின்று, பயந்து பயந்து தள்ளிப்போட்ட காரியத்தைக் கேட்டார்: வேலை ஒப்பந்தத்தை முறையாகப் பதிந்து தாருங்கள், பிள்ளையைச் சட்டப்படி எடுக்கப் போகிறேன். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று பயந்தோம். சிஞ்ஞோரா, உனக்கு ஒரு மகன் இருக்கிறானா, இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாராம். அவரும் இதுவரை கேட்டதில்லை என்பதை மச்சாள் சொல்லாமல் விட்டார். பிள்ளை தங்கும் இடம் என்று எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தோம். அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் தாயோடு சேர்க்கச் சட்டம் விடாது, எல்லாம் போச்சு. குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் வரிசையில் நின்று நின்று இரண்டு பேருக்கும் கால் வீங்கியது. கடைசியில், பிறந்தநாளுக்குக் கொஞ்ச நாள் இருக்க, விமானத்தில் வந்து இறங்கினான்.

அன்று மத்தியானம் எங்கள் குசினி மேசையில் அவனை இருத்திச் சோறு போட்டேன். யார் கொண்டுவந்தது என்று என் கணவருக்கும் எனக்கும் வாக்குவாதம். அவர் பிள்ளையார் என்றார், நான் ரொசாலியா என்றேன். பெடியன் தலை நிமிராமல் சாப்பிட்டான். மச்சாள் அவனுக்கு எதிரே இருந்தார். ஒரு வாய் உண்ணவில்லை. அவனுடைய கையைத் தொட்டார், அடிபட்ட காதைத் தொட்டார், மேசைப் பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, அவனுக்குக் கேட்காமல், "பிள்ளை, இது இஞ்சைதானே?" என்றார்.

"ஓம் மச்சாள். இஞ்சைதான்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் சோற்றில் கை வைத்தார். நான் எழும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதெல்லாம் பழைய கதை. அவன் இப்போது நரை விழுந்த மனிதன், ஒரு ஹோட்டலில் வேலை, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் சிசிலிச் சுருதியில் இத்தாலி மொழியும் அதே சுருதியில் தமிழும் பேசும். அவன் தாயின் சபையில் சேரவில்லை, மச்சாளும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் மேசையில் கூடும்போது அவர், "இது இஞ்சைதானே?" என்று கேட்பது ஒரு வழக்கமாகிவிட்டது. அவன் சிரித்துக்கொண்டு, "ஓம் அம்மா, இஞ்சைதான், சோறு ஆறுது" என்பான். பேரப்பிள்ளைகளுக்கு அது ஒரு பகிடி.

போன மாதம் மச்சாள் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரியில் யாரோ தலையைக் கழுவிவிட்டிருந்தார்கள். வெள்ளை மயிர் எண்ணெய் இல்லாமல் காய்ந்து பறந்தது. இரண்டு முறை என்று சொன்னேனே, இரண்டாவது இதுதான். எனக்கு உடனே அந்த முதல்மாடி அறையும், பொத்தானை அமத்திய சத்தமும் நினைவு வந்தன. பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. மகன் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, உள்ளங்கையில் தாராளமாக ஊற்றி, பின்னால் நின்று தாயின் தலையில் இரண்டு கையையும் வைத்தான். மச்சாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, இது இஞ்சைதானே?"

அவன் இந்த முறை சிரிக்கவில்லை. "ஓம் அம்மா. இஞ்சைதான்."

மச்சாள் தலையைப் பின்னால் அவனுடைய கையில் சாய்த்தார். பிறகு, "அங்கையெண்டாலும் காரியமில்லை" என்றார்.

அவனுடைய மணிக்கட்டு வரை எண்ணெய் வழிந்தது. அவன் கையை எடுக்கவில்லை.